சின்னப் பிள்ளைகளோடு சித்திரைத் திருவிழா: மதுரைக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

மதுரைக்குக் குடிவந்து இது முதல் கோடை, வீட்டில் ஆறு வயதுக்குள் பிள்ளைகள் என்றால், சித்திரை பிறந்த நாளிலிருந்து ஒரே கேள்வி உங்களைத் துரத்தும். மாடிவீட்டு அக்கா கேட்பார், பால்காரர் கேட்பார், ஆட்டோ ஓட்டுகிறவரும் கேட்பார்: “அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்கப் போறீங்கள்ல?” போங்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அழகர்கோவில் பெருமாளான அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே ஆற்றங்கரையில் லட்சக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கிற இடம் அது. இடுப்பளவு உயரமுள்ள பிள்ளைக்கு அங்கே தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும்தான். 2022-இல் அந்த நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆனால் பிள்ளைகளைத் திருவிழாவுக்கே கூட்டிப்போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மீனாட்சி கோயில் விழா 12 நாள், அதைத் தொட்டு அழகர் விழா சில நாள். இவ்வளவு நீண்ட விழாவில் பிள்ளைகளுக்குத் தோதான வேளைகள் நிறைய இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அதைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

முதலில் தேதி

ஒவ்வொரு ஆண்டும் தேதி மாறும். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2024-இல் அது ஏப்ரல் 23, 2025-இல் மே 12. அதனால் போன வருடத்து நினைவை வைத்துக்கொண்டு ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரல் நாளிதழ்களிலும் வரும். அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

கொடியேறிய நாளை ஒன்று என்று வைத்தால் எட்டாம் நாள் மீனாட்சி பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினொன்றாம் நாள் தேர். தேருக்கும் ஆற்றில் இறங்குவதற்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். 2024-இல் தேர் முடிந்த மறுநாளே அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். 2025-இல் நடுவே இரண்டு நாள் கிடைத்தது. அடுத்தடுத்த நாளாக வந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் மூன்றாம் நாள் வீட்டில் ஒருவருக்காவது காய்ச்சல் வந்திருக்கும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. அன்றைக்குப் பாலங்களில் வண்டி விடமாட்டார்கள். பால், மருந்து, டயப்பர் எல்லாம் முந்தின நாளே வாங்கிவைத்துவிடுங்கள்.

கதையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்

கதை தெரியாத பிள்ளைக்குச் சாமி ஊர்வலம் என்பது சத்தமும் வெளிச்சமும் மட்டுமே. அழகர் கதை தூங்கவைக்கும்போது சொல்வதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். தங்கச்சி மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் மலையிலிருந்து சீரோடு கிளம்பி வருகிறார். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்தி வரவேற்கிறார்கள். ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. கோபத்தோடு வண்டியூர் பக்கம் திரும்பிவிடுகிறார். அவ்வளவுதான் கதை. “ஏன் லேட்டாச்சு?” என்று பிள்ளை கேட்கும். “வழியில எல்லாரும் கூப்பிட்டாங்கள்ல” என்று சொல்லலாம்.

கோயில் தரப்பில் சொல்லும் காரணம் வேறு. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்கத்தான் அழகர் வருகிறார். முன்பு தேனூரில் நடந்துவந்த அந்த விழாவைத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு மாற்றி, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்துவைத்தார் என்கிறார்கள். நாலு வயதுக்குத் தவளைக் கதைதான் ரொம்பப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

மீனாட்சி கதையைப் பெண் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பட்டம் சூட்டிக்கொண்ட மறுநாளே எட்டுத் திசைக் காவலர்களோடும் சண்டைக்குப் போய் ஜெயித்து வருகிறாள். கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் ஒவ்வொரு திசையாக நின்று அந்தச் சண்டையை நடத்திக்காட்டுவார்கள். அதுதான் திக்விஜயம். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்.

முதல் ஏழு நாள், மாசி வீதி

என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நாட்கள்தான் திருவிழா. தினமும் காலையும் இரவும் சாமி சுந்தரேசுவரரும் மீனாட்சி அம்மனும் நாலு மாசி வீதிகளைச் சுற்றி வருவார்கள். தினம் ஒரு வாகனம். இரண்டாம் நாள் இரவு சாமி பூத வாகனத்திலும் அம்மன் அன்ன வாகனத்திலும் வருவார்கள். மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும். கைலாசத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும் ராவணனின் தலைகளை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் சாமி கடந்துபோகும் வரை அசையமாட்டார்கள். ஐந்தாம் நாள் தங்கக் குதிரை, ஏழாம் நாள் நந்திகேசுவரரும் யாளியும். நான்காம் நாள் மட்டும் தங்கப் பல்லக்கில் வில்லாபுரம் பாவக்காய் மண்டகப்படிக்குப் போவார்கள் (மண்டகப்படி என்பது சாமியை நிறுத்தி வரவேற்று வழிபடும் இடம்). தெற்குவாசல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அன்றைக்கு வசதி.

சாமிக்கு முன்னால் போவதும் பிள்ளைகள்தான். கோலாட்டம் அடிக்கும் சிறுமிகள், மீனாட்சி வேடம், முருகன் வேடம், மீசை வரைந்த குட்டிக் கறுப்பசாமி, யானை, ஒட்டகம், முரசு சுமந்து வரும் டங்கா மாடு. உங்கள் பிள்ளை பார்க்கப்போவது இதைத்தான். சாமி வரும்போது பாதி பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

எப்படிப் போவது? இரவுப் புறப்பாடு ஏழு மணியை ஒட்டித் தொடங்கும். ஆறு மணிக்கே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். வண்டியை மாசி வீதிக்குள் கொண்டுபோக முயலவே வேண்டாம். வெளி வீதிகளுக்கு அப்பாலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வீதி முனைகளில் நிற்காதீர்கள். ஊர்வலம் திரும்பும் இடம் என்பதால் நெரிசல் அங்கேதான் வரும். வீதியின் நடுப்பகுதியில், மூடிய கடை ஒன்றின் படிக்கட்டு கிடைத்தால் போதும். பிள்ளை படியில் நிற்கும், நீங்கள் கீழே நிற்கலாம், பின்னாலிருந்து யாரும் தள்ளமாட்டார்கள். பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அழுதால், மூத்திரம் வந்தால், அந்தச் சந்து வழியாக வெளியேறிவிடலாம். தள்ளுவண்டி எதற்கும் உதவாது. தோளில் தூக்குவதுதான் வழி, அதற்கு ஆள் மாற்ற இரண்டு பெரியவர்களாவது வேண்டும்.

கொட்டுச் சத்தத்துக்குச் சில குழந்தைகள் மிரளும். கைக்குழந்தை என்றால் காதை மூடும் தொப்பி கட்டாயம். அரிவாள் ஏந்திய வேடங்கள் வரும் என்பதையும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். “அது நம்ம ஊர் காவல் சாமி” என்று முன்பே கேட்ட பிள்ளை கையசைக்கும், கேட்காத பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும்.

கல்யாணமும் தேரும்

திருக்கல்யாணத்தை டிவியில் பாருங்கள். கோயிலுக்குள் வடக்கு, மேற்கு ஆடி வீதிகள் சந்திக்கும் இடத்தில் மேடை போட்டு நடக்கும். கட்டணச் சீட்டை முன்பதிவு செய்தாலும் பல மணி நேரம் முன்பே உள்ளே போய் உட்கார வேண்டும். நடுவில் எழுந்து வருவது கஷ்டம். கோயிலுக்குள் கைபேசிக்கு 2018 முதல் தடை என்பதால், பிரிந்துபோனால் கூப்பிடவும் முடியாது. டிவியில் சாமி தாலி கட்டும் நேரத்துக்கு வீட்டுப் பெண்கள் தங்கள் தாலிக்கயிறை மாற்றிக்கொள்வார்கள். பாயசம் வைத்து, பிள்ளைகள் கையில் மஞ்சள் அரிசியைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது நம் வீட்டுக் கல்யாணம். வெளியே போகத்தான் வேண்டும் என்றால், சேதுபதி பள்ளியில் அன்று கல்யாண விருந்து நடக்கும். சாப்பிட்டு மொய் எழுதிவிட்டு வரலாம்.

கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் கொடியேற்றத்துக்கு முன்போ, விழா முடிந்த மறுவாரமோ காலையில் சீக்கிரம் போங்கள். வெயில் ஏறிவிட்டால் ஆடி வீதிக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பருத்திக் காலுறை ஒரு ஜோடி கொண்டுபோங்கள்.

தேர் அதிகாலையில் நகரும். சுவாமி தேர் பெரியது, அம்மன் தேர் அதைவிடச் சிறியது. மாசி வீதியில் மாடி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் ஒரு மாதம் முன்பே பேசிவையுங்கள். இல்லையென்றால், தேர் நிலைக்கு வந்தபின் மாலையில் கீழ மாசி வீதித் தேரடிக்குப் போங்கள். தேரைத் தலை அண்ணாந்து நிதானமாகப் பார்க்கலாம், சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வடத்தைத் தொடலாம். ஓடும் தேரின் வடத்தைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிடிக்கப் போகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அழகரை எங்கே பார்ப்பது?

அழகர்கோவில் மதுரைக்கு வடக்கே 20 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். கண்டாங்கிப் பட்டு உடுத்திக் கள்ளழகராக, பதினெட்டாம்படிக் கறுப்பணசாமியிடம் விடைபெற்று மாலையில் கிளம்புகிறவர் கடச்சனேந்தல் வழியாக மறுநாள் காலையில் மூன்றுமாவடிக்கு வந்து சேர்வார். அங்கே நடக்கும் வரவேற்புக்கு எதிர்சேவை என்று பெயர். அதற்கப்புறம் புதூர், ரிசர்வ் லைன் என்று ஒவ்வொரு இடமாக நின்று இரவில் தல்லாகுளம் வருவார். வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நிறுத்தித் தீபாராதனை காட்டுவார்கள்.

பிள்ளைகளோடு அழகரைப் பார்க்கச் சரியான இடம் இந்த வழித்தடம்தான். மூன்றுமாவடி மும்முரமாக இருக்கும். அதை விடுத்துப் புதூர்ப் பக்கம் தெரிந்தவர் வீட்டு வாசலோ, சின்ன மண்டகப்படி ஒன்றோ போதும். மண்டகப்படிக்காரர்களிடம் கேளுங்கள்: “பிள்ளைகளோட வந்திருக்கோம், சாமி எத்தனை மணிக்கு வரும்?” ஒரு நேரம் சொல்வார்கள். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பந்தலுக்குள் பிள்ளைகளை உட்காரவைப்பார்கள், பெரியவர்களுக்கு மோரும் கொடுப்பார்கள். “கோவிந்தா” என்று கூட்டம் சத்தம் போடும்போது பிள்ளையும் சேர்ந்து கத்தட்டும்.

சர்க்கரைச் செம்பு எடுத்துப்போவது இங்கே வழக்கம். சின்னச் செம்பில் நாட்டுச் சர்க்கரையோ பொட்டுக்கடலை சேர்த்த சர்க்கரையோ நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார்கள். பிள்ளை நிரப்பட்டும், சூடத்தைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத பாட்டிகள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் பீய்ச்சுவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, குழாய் வழியாக அழகர் மேல் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி நடக்கும்போது உச்சிவெயில், கூட்டம் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். அங்கே பெரியவர்கள் மட்டும் போகட்டும். வீட்டு மாடியில் பிளாஸ்டிக் பீச்சாங்குழலும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் பிள்ளைகளுக்கு அதுவே தீர்த்தவாரி. மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துவையுங்கள்.

ஆற்றில் இறங்கிய பிறகு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனம், அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். இதெல்லாம் ராக்கண் விழிக்க முடிந்தவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அடுத்த வாய்ப்பு, பூப்பல்லக்கு முடிந்து அழகர் மலைக்குத் திரும்பும் நாள். அதே புதூர், மூன்றுமாவடி வழிதான், வரும்போது இருந்ததைவிட நெருக்கடி குறைவு. எதிர்சேவையைத் தவறவிட்டவர்கள் அன்றைக்குப் போகலாம்.

வெயில்

சித்திரையில் மதுரை வெயில் சர்வசாதாரணமாக 38, 39 டிகிரி போகும். காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலரை வரை பிள்ளைகளோடு தெருவில் இருக்காதீர்கள். இதில் சமரசம் இல்லை.

பட்டுப்பாவாடை, ஜிப்பா எல்லாம் புகைப்படத்துக்குப் போட்டுவிட்டு உடனே கழற்றிவிடுங்கள். பழைய பருத்திச் சட்டைதான் திருவிழா உடுப்பு. தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நீர்மோர்ப் பந்தல்களில் அன்போடுதான் கொடுக்கிறார்கள், ஆனால் அந்தத் தண்ணீரும் ஐஸ் கட்டியும் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் குடிக்கலாம். அன்னதானத்தில் ஆவி பறக்கும் பொங்கலும் தக்காளிச் சாதமும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அறுத்துவைத்த பழமும் கலர் சர்பத்தும் வேண்டாம். நுங்கு நல்லது, கண்முன்னே சீவச் சொல்லி, சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள். வறுத்த கடலையை நாலைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தராதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். மற்றப் பிள்ளைகளுக்கு ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியாகப் பிரிக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ரொம்ப நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உதடு காய்ந்திருக்கிறது என்றால் உடனே வீட்டுக்குத் திரும்புங்கள். துவண்டு விழுகிறது, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்றால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ராஜாஜி அரசு மருத்துவமனை கோரிப்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது.

தொலையாமல் இருக்க

உங்கள் கைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதி, மேலே நிறமற்ற நகப்பாலிஷ் தடவுங்கள். தண்ணீர் பட்டாலும் அழியாது. பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுவிடலாம். கிளம்பும்போது பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் சொல்லவராது. காது, கழுத்தில் தங்கம் எதுவும் வேண்டாம். “எங்களக் காணோம்னா காக்கிச் சட்டை போட்ட போலீஸ் மாமா, இல்ல குழந்தை வச்சிருக்கிற அம்மா, இவங்ககிட்ட மட்டும் போகணும்” என்று சொல்லிக்கொடுங்கள். அம்மா பெயர், அப்பா பெயர் சொல்லத் தெரிந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்க வசதி.

மொட்டை போடுவதாக இருந்தால்

அழகருக்கு வேண்டிக்கொண்டு இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு மொட்டை போடுகிற குடும்பங்கள் ஏராளம். விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். புது பிளேடை உங்கள் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லுங்கள். தாய்மாமன் மடி என்றால் மாமனுக்கு முன்பே சொல்லிவையுங்கள், அவருக்கும் பொறுமை வேண்டும். சந்தனம் தடவியபின் வெயிலில் நிற்காதீர்கள், ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி போடுங்கள். மொட்டை, காதுகுத்து, கூட்டம் மூன்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். காதுகுத்து ஆவணிக்கு வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

நடுப்பகலில் வீட்டில் என்ன செய்வது?

பத்து மணியிலிருந்து நாலரை வரை வீட்டுக்குள் அடைத்துவைக்கச் சொல்லிவிட்டேன், அதற்கு வழியும் சொல்ல வேண்டும் அல்லவா. செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, நாலு மூடிகளைச் சக்கரமாக்கி, கலர்த்தாள் ஒட்டினால் சப்பரம். உள்ளே ஒரு மஞ்சள் பிள்ளையார். கூடத்தில் நாலு மூலைகளும் நாலு மாசி வீதி. தட்டுதான் மேளம். இது இரண்டு பகலைத் தின்றுவிடும்.

மூன்றாம் பகலுக்குப் பானகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஒரு பெரிய எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, நாலு ஏலக்காய். உப்பு துளி. மாலை ஐந்து மணிக்கு வாசலில் ஸ்டூல் போட்டு, தெருவில் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கட்டும். பேப்பர் கப் போதும். தெருவில் யாரையும் தெரியாத புதுக் குடித்தனத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டு மாமி, கூரியர் தம்பி எல்லோரும் நின்று குடித்துவிட்டு, “எந்த ஊரு நீங்க?” என்று பேச ஆரம்பிப்பார்கள். அடுத்த ஆண்டு மாசி வீதி மாடிக்கு ஆள் பிடிக்க இங்கேதான் வழி கிடைக்கும்.

விழாவை ஒட்டி அரசுப் பொருட்காட்சி நடக்கும். ராட்டினமும் டெல்லி அப்பளமும் எங்கேயும் ஓடிவிடாது. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு செவ்வாயோ புதனோ மாலை ஐந்து மணிக்குப் போங்கள். கூட்டம் வருவதற்குள் பிள்ளைகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிடலாம். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ராட்டினக் கவுண்டரில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் முறைப்பார்கள்.